ஃபார்மட் அடிப்பதற்கு முன்னால்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பட்டா மாறுதல் விண்ணப்பம் பாதி நிரம்பியிருக்கும்போது, ஜிஎஸ்டி கணக்கை ஏற்றிக்கொண்டிருக்கும்போது, கல்யாணப் பத்திரிகை லேஅவுட் முடியப்போகிற நேரத்தில் டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் பொசுக்கென்று அணைந்து தானாகவே மறுபடி எழுகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் இதே பாடு. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் பெட்டியைத் திறக்கும் முன்பே தீர்ப்பு வந்துவிடுகிறது: "ஃபார்மட் அடிச்சா சரியாயிடும் சார்." அதாவது டிஸ்க்கை அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றுவது. இ-சேவை மையம், ஜெராக்ஸ் கடை, பள்ளிக் கணினி அறை, வீடு என்று எங்கே போனாலும் இந்த ஒரே மருந்துதான். இந்தப் பழக்கம் ஒழிய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஃபார்மட் அடித்த பிறகு இரண்டு மூன்று வாரம் ஒழுங்காக ஓடுவது உண்மைதான். காரணம் வேறு. கடையில் பெட்டியைத் திறந்து ஊதியதில் தூசி போயிருக்கும். ரேம் என்ற நினைவகப் பட்டையைப் பிடுங்கிச் செருகியதில் அழுக்கேறிய தொடர்பு கொஞ்சம் சுத்தமாகியிருக்கும். கடையில் இருக்கும் யுபிஎஸ் வேறு, மின் இணைப்பு வேறு. சேதமான செக்டாரின் (டிஸ்க்கில் தகவல் பதியும் சிறு பகுதி) மேல் புதிதாக எழுதும்போது ஹார்டு டிஸ்க் தானே அந்த இடத்தை ஒதுக்கிவிட்டு உபரி இடத்தைக் கொடுத்துவிடும். இப்படி ஏதோ ஒன்று தற்காலிகமாகச் சரியாகிறது. பெயர் ஃபார்மட்டுக்குப் போகிறது. பழுது உள்ளேயே உட்கார்ந்திருக்க, அழிந்தது தடயம்தான். விண்டோஸ் பழுதாகி நிற்கையில் காட்டும் நீலத்திரை வரும்போதெல்லாம் அது எழுதிவைத்த மினிடம்ப் என்ற பழுதுக் குறிப்புக் கோப்புகளும் நிகழ்வுப் பதிவுகளும் ஃபார்மட்டோடு சேர்ந்து போய்விடுகின்றன. பேக்கப் எடுக்காத டாலி கணக்கும் குழந்தைகளின் புகைப்படங்களும் போவது தனி வயிற்றெரிச்சல்.

ஆகவே முதல் வேலை, எப்படி நிற்கிறது என்று கவனிப்பது. ஸ்விட்சை அணைத்ததுபோல் ஒரே நொடியில் இருண்டு மறுபடி எழுந்தால் மின்சாரம் அல்லது எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் மின்சாரத்தை மாற்றித் தரும் டப்பா) பக்கம் போக வேண்டும். சில சமயம் சூடும் இதைச் செய்யும். படம் அப்படியே உறைந்து, மவுஸ் அசையாமல், சத்தம் ஒரே ஸ்வரத்தில் இழுத்துக்கொண்டு நின்றால் ரேம், டிஸ்க், கிராபிக்ஸ் கார்டு மூன்றில் ஒன்று. நீலத்திரை வந்தால் (புதிய விண்டோஸ் 11-இல் அது கறுப்புத்திரை) பாதி வேலை முடிந்தது. காரணத்தின் பெயரை அதுவே எழுதிக் காட்டுகிறது.

அந்தப் பெயரைப் படிப்பதற்குள் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறது என்பதுதான் எல்லோரும் சொல்லும் குறை. அதை நிறுத்தலாம். சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு என்ற பக்கத்துக்குப் போய், கடைசியாக உள்ள ஸ்டார்ட்அப் அண்டு ரிகவரிக்கான செட்டிங்ஸைத் திறந்து, ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட் என்பதன் டிக்கை எடுத்துவிட்டால் நீலத்திரை நாம் அணைக்கும்வரை நிற்கும். செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். அந்த இடத்திலேயே ஸ்மால் மெமரி டம்ப் என்று தேர்ந்தெடுத்தால் அடுத்தடுத்த கோப்புகள் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் மினிடம்ப் என்ற ஃபோல்டரில் சேரும். ப்ளூஸ்கிரீன்வியூ என்ற இலவச மென்பொருள் அவற்றை வரிசையாகக் காட்டும்.

மெமரி மேனேஜ்மென்ட் என்று வந்தாலோ, ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயர் வந்தாலோ முதல் சந்தேகம் ரேம்மீது. கெர்னல் டேட்டா இன்பேஜ் எரர் என்றால் டிஸ்க்கிலிருந்து படிக்க முடியவில்லை என்று பொருள். டிஸ்க்கோ அதை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளோ குற்றவாளி. வியா அன்கரெக்டபிள் எரர் என்பது ப்ராசஸரே கொடுக்கும் வன்பொருள் புகார். வோல்டேஜ், சூடு, ஓவர்கிளாக் (நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது) ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இதற்கு ஃபார்மட் அடிப்பது பெரும்பாலும் வீண் வேலை. வீடியோ டிடிஆர் ஃபெயிலியர் என்றால் கிராபிக்ஸ் சிப்பிடமிருந்து பதில் வராமல் விண்டோஸ் அதை மீட்டெடுக்கப் பார்த்துத் தோற்றிருக்கிறது. அதை இயக்கும் மென்பொருளான டிரைவரையோ கார்டையோ பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே டிரைவர் கோப்பின் பெயர் வந்துகொண்டிருந்தால், அந்த ஒரு டிரைவரை நீக்கிப் புதிதாகப் போட்டாலே போதும்.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்ற சிவப்புக் குறியைக் காட்டி, "பவர் ப்ராப்ளம், எஸ்எம்பிஎஸ் மாத்தணும்" என்று சொல்பவர்களும் உண்டு. முறையாக ஷட்டவுன் ஆகாமல் நின்றது என்பதைத்தான் 41 சொல்கிறது. ஏன் நின்றது என்று அது சொல்லாது. அதன் விவரப் பகுதியில் பக்செக்கோட் என்ற வரியைப் பாருங்கள். அங்கே பூஜ்யம் இல்லாமல் வேறு எண் இருந்தால் நீலத்திரை வந்து நின்றிருக்கிறது. பூஜ்யம் என்றால் கரண்ட் போயிருக்கலாம், எஸ்எம்பிஎஸ் கைவிட்டிருக்கலாம், உறைந்து நின்றதை யாராவது பட்டனை அழுத்தி அணைத்திருக்கலாம்.

இனி மின்சாரம். நம் ஊர்களில் டெஸ்க்டாப் திடீரென்று ரீஸ்டார்ட் ஆவதற்குக் கம்ப்யூட்டருக்கு வெளியேயே காரணம் இருப்பது மிக அதிகம் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

"யுபிஎஸ் இருந்தும் கரண்ட் போனா ரீஸ்டார்ட் ஆகுது" என்ற புகாரை எடுத்துக்கொள்வோம். சாதாரண யுபிஎஸ், கரண்ட் போனதும் பேட்டரிக்கு மாறச் சில மில்லி நொடிகள் எடுக்கும். அந்த இடைவெளியை எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் பெரிய கெப்பாசிட்டர் தாங்கிப் பிடிக்க வேண்டும். நல்ல எஸ்எம்பிஎஸ் முழு லோடில் சுமார் 16 மில்லி நொடி தாங்கும்படி வடிவமைக்கப்படுகிறது. சூட்டில் பல வருடம் ஓடிக் கெப்பாசிட்டர் வற்றிப்போனால் அந்தத் தாங்கும் நேரம் குறைந்து, யுபிஎஸ் மாறுவதற்குள் கம்ப்யூட்டர் விழுந்துவிடும். ஆகவே தவறு யுபிஎஸ்ஸிலா எஸ்எம்பிஎஸ்ஸிலா என்று தெரியாமல் எதையும் வாங்காதீர்கள். கண்டுபிடிக்க எளிய வழி: கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு, யுபிஎஸ்ஸில் 100 வாட் குண்டு பல்பைச் செருகி, சுவரில் இருக்கும் ஸ்விட்சை அணையுங்கள். பல்பு அணைந்தாலோ, ஒன்றிரண்டு நிமிடத்திலேயே யுபிஎஸ் விழுந்தாலோ பேட்டரி போய்விட்டது. உள்ளே இருக்கும் 12 வோல்ட் 7 ஏஹெச் லெட் ஆசிட் பேட்டரி நம் வெயிலுக்கு இரண்டு மூன்று வருடம்தான் வரும். பல்பு ஒரு துடிப்புத் துடித்துவிட்டு நிலையாக எரிகிறது, கம்ப்யூட்டர் மட்டும் விழுகிறது என்றால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுங்கள்.

வீட்டு இன்வெர்ட்டரில் கம்ப்யூட்டரை ஓட்டுபவர்கள் அதன் பின்னால் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒருபக்கம் யுபிஎஸ் என்றும் மறுபக்கம் நார்மல் என்றும் போட்டிருக்கும். நார்மலில் வைத்தால் 100 வோல்ட் பக்கம் இறங்கும்வரைகூட இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாறாது, மாறும்போதும் மெதுவாக மாறும். ஃபேனுக்கு அது போதும், கம்ப்யூட்டருக்கு ஆகாது. யுபிஎஸ் பக்கம் தள்ளினால் 180 வோல்ட் வாக்கிலேயே வேகமாக மாறிக்கொள்ளும். ஒரு பைசா செலவில்லாமல் தீர்ந்துபோகிற பழுது இது.

ஜெராக்ஸ் கடைகளில் வேறொரு தவறு நடக்கிறது. லேசர் பிரிண்டரையும் அதே 600 விஏ யுபிஎஸ்ஸில் செருகிவிடுகிறார்கள். டோனரை உருக்கி ஒட்டும் ஃபியூசர் சூடேறும்போது பிரிண்டர் பல நூறு வாட்டை ஒரே இழுப்பாக இழுக்கும். அந்த நொடியில் யுபிஎஸ் தடுமாறி, கம்ப்யூட்டர் விழும். "பிரிண்ட் கொடுத்தா ரீஸ்டார்ட் ஆகுது, பிரிண்டர் டிரைவர் ப்ராப்ளம்" என்று அதற்கும் ஃபார்மட் அடிக்கிறார்கள். பிரிண்டருக்கு நேரடி சாக்கெட் கொடுத்தால் முடிந்தது.

கேபினெட்டைத் தொட்டால் விறுவிறுவென்று இழுக்கிறதா? எர்த் இல்லை என்று அர்த்தம். எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில் உள்ள வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் எர்த்துக்குப் போக வழியில்லாமல் கேபினெட் தகட்டிலேயே ஏறக்குறைய பாதி மின்னழுத்தத்தை, அதாவது 115 வோல்ட் வாக்கில், நிறுத்திவிடும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் இழுப்பதோடு விடுகிறது. ஆனால் பென்டிரைவ் செருகும்போது உறைவது, யுஎஸ்பி சாதனங்கள் காணாமல் போய்த் திரும்புவது போன்றவை இதனாலும் வரும். வயர்மேனை அழைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். எர்த்தே இல்லாத சாக்கெட்டில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கம்ப்யூட்டரும் நிம்மதியாக ஓடாது, தொடுபவருக்கும் ஆபத்து.

எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகித்தால் லேபிளைப் படியுங்கள். பெரிய எழுத்தில் 450 வாட் என்று இருக்கும். கீழே அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு நேராக 16 ஆம்பியர் என்று இருந்தால், பெருக்கிப் பாருங்கள், 192 வாட்தான். ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டைத்தான் சாப்பிடுகின்றன. கேபினெட்டோடு சேர்ந்து இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸுகளில் இந்த ஏமாற்று சர்வசாதாரணம். மல்டிமீட்டர் இருந்தால் கம்ப்யூட்டர் வேலை செய்துகொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும்: மஞ்சள் வயரில் 11.4 முதல் 12.6 வரை, சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வரை. சும்மா இருக்கும்போது 12.1 காட்டிவிட்டு வீடியோ எடிட்டிங் தொடங்கியதும் 11.3-க்கு இறங்கினால் மாற்றிவிடுங்கள். எஸ்எம்பிஎஸ் டப்பாவை மட்டும் தெரியாதவர்கள் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் டிசி தேங்கி நிற்கும்.

ரேம் விஷயத்தில் முதல் வைத்தியம் ரப்பர்தான், பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் அழிரப்பர். கரண்ட்டைத் துண்டித்து, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்து, கேபினெட் தகட்டை ஒருமுறை தொட்டுவிட்டு ரேமைக் கழற்றுங்கள். கீழ் ஓரத்தில் தங்க நிறப் பட்டைகள் வரிசையாக இருக்கும். நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இரண்டு மூன்று வருடத்திலேயே அவை மங்கிப் பழுப்பேறிவிடுகின்றன. மேலிருந்து கீழாக, ஒரே திசையில், மெதுவாக நான்கைந்து முறை தேய்த்தால் பளபளப்பு வரும். ரப்பர்த் தூளை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு, ஸ்லாட்டையும் ஊதிவிட்டு, இரண்டு பக்கமும் கிளிக் என்று பூட்டும்வரை அழுத்திச் செருக வேண்டும். உப்புத்தாளை யாரும் கொண்டுவராதீர்கள்; தங்கப் பூச்சே போய்விடும்.

பிறகும் நின்றால், ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸ்ஸைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே பூட் செய்து, ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். குறைந்தது நான்கு சுற்று முடிய வேண்டும். சிவப்பில் ஒரே ஒரு பிழை வந்தாலும் அது தோல்விதான். "ஒண்ணுதானே வந்திருக்கு" என்று சமாதானம் சொல்லக்கூடாது. பிழை வந்தால் ஒவ்வொரு ரேமாகத் தனித்தனியே, ஒரே ஸ்லாட்டில் போட்டுச் சோதித்தால் எது கெட்டது என்று தெரிந்துவிடும். எல்லா ரேமும் ஒரு ஸ்லாட்டில் மட்டும் தோற்றால் பழுது மதர்போர்டில். பழைய 4 ஜிபியோடு வேறு வேகமுள்ள இன்னொரு 4 ஜிபியை வாங்கிப் போட்ட நாளிலிருந்து தொல்லை ஆரம்பித்ததா? தனித்தனியே இரண்டும் நல்லவையாக இருந்தும் சேர்ந்தால் சண்டை போடும் ஜோடிகள் உண்டு. பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு ஒரு வாரம் பாருங்கள்.

சூடு இன்னொரு பெரிய காரணம், மே மாதத்தில் சொல்லவே வேண்டாம். அறையே 38 டிகிரியில் இருக்கும்போது ப்ராசஸரின் சூட்டை இழுக்கும் எந்த ஹீட் சிங்க்கும் அதற்குக் கீழே இறக்க முடியாது. கேபினெட்டை மேசையின் மரப்பெட்டிக்குள் தள்ளிவைத்து, பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி, மேலே துணி உறையும் போட்டுவிடுகிறோம். எச்டபிள்யூமானிட்டர் போன்ற இலவச மென்பொருளில் ப்ராசஸரின் சூட்டைப் பாருங்கள். வேலை நடக்கும்போது 80 டிகிரி வரை கவலையில்லை. 95, 100 என்று தொட்டால் முதலில் ப்ராசஸர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் அடங்காவிட்டால் கம்ப்யூட்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும்.

ஃபேனைக் கழற்றி ஹீட் சிங்க்கின் அலுமினியத் தகடுகளைப் பார்த்தால், தூசி கம்பளித் துண்டுபோல மேலே படிந்து காற்றுப் போகும் வழியையே மூடியிருக்கும். ப்ளோயரால் ஊதும்போது ஃபேனின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும்; வெறிபிடித்ததுபோல் சுற்றவிட்டால் பேரிங் கெடும். இன்டெல் ஃபேன்களில் நான்கு மூலையிலும் பிளாஸ்டிக் ஆணிகள் உண்டு. அதில் ஒன்று உடைந்து தூக்கிக்கொண்டிருந்தாலே ஹீட் சிங்க் ப்ராசஸர்மேல் சரியாக உட்காராது. இரண்டுக்கும் இடையே சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டை எவ்வளவு பூசினாலும் பயனில்லை. மதர்போர்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, நான்கு ஆணியும் முழுசாக வெளியே வந்திருக்கின்றனவா என்று உறுதி செய்ய வேண்டும். பழைய தெர்மல் பேஸ்ட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதிதாக வைத்தால் போதும். ஏஎம்டியின் ஏஎம்4 வகையில் ஒரு எச்சரிக்கை: காய்ந்த பேஸ்ட் ஒட்டிக்கொண்டு, கூலரைத் தூக்கும்போது ப்ராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், கால்கள் வளைந்துபோகும். பத்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, சூடு ஆறுவதற்குள் கூலரை இடவலமாக மெல்லத் திருகி எடுக்க வேண்டும்.

பெட்டி திறந்திருக்கும்போதே மதர்போர்டில் ப்ராசஸரைச் சுற்றி நிற்கும் உருளைக் கெப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பு நிறத்தில் கசிந்திருந்தாலோ அதுதான் பழுது. நல்ல கையுள்ளவர் அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்டேஜ், 105 டிகிரி தரத்தில் மாற்றிக் கொடுக்க முடியும்.

டிஸ்க்கின் நிலையைப் பார்க்க கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருள் போதும். கரன்ட் பெண்டிங் செக்டார், அன்கரெக்டபிள் செக்டார் இவற்றில் எண் ஏறியிருந்தால் அன்றே தகவலை வேறிடத்துக்கு நகலெடுத்துவிட்டு டிஸ்க்கை மாற்றுங்கள். அப்படிப்பட்ட டிஸ்க்கில் ஃபார்மட் அடிப்பது, மீட்டிருக்கக்கூடியதையும் கெடுப்பது. தகவல் போய்வரும் வழியில் நேரும் பிழையைக் காட்டும் சிஆர்சி எரர் எண் மட்டும் நாளுக்கு நாள் ஏறினால் டிஸ்க் பெரும்பாலும் நல்லதுதான். சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். ஏறிய எண் திரும்ப இறங்காது, மேலும் ஏறுகிறதா என்று மட்டும் கவனித்தால் போதும்.

மென்பொருளே காரணமாக இருக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு, அப்போதும் ஃபார்மட் கடைசிப் படிதான். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு அப்டேட் கோப்பில் பிழை இருந்ததால் உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரையில் நின்றன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். தீர்வு என்ன? சேஃப் மோடில் நுழைந்து அந்த ஒரு கோப்பை அழிப்பது. அதே ஆண்டில் இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் பலவற்றில் கேம்களும் கனமான மென்பொருள்களும் காரணமில்லாமல் விழுந்தன. ப்ராசஸர் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கிக்கொண்டதே காரணம் என்று இன்டெல் அறிவித்து, பயாஸ் வழியாகத் திருத்தம் கொடுத்து, பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரண்டியை இரண்டு வருடம் நீட்டித்தது. அந்த மாடல்களை வைத்திருப்பவர்கள் பயாஸை இன்னும் அப்டேட் செய்யாமல் இருந்தால் உடனே செய்ய வேண்டும். ஏற்கெனவே சிதைந்த சிப்பை அப்டேட் குணப்படுத்தாது. வாரண்டியில் மாற்றித்தான் ஆக வேண்டும். அங்கே நூறு முறை ஃபார்மட் அடித்தாலும் என்ன கிடைத்திருக்கும்?

விண்டோஸைச் சந்தேகித்தால், கெட்டுப்போன அதன் கோப்புகளைச் சரிசெய்ய, கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து முதலில் டிஸ்ம் ஆணையின் ரீஸ்டோர்ஹெல்த்தையும், பிறகு எஸ்எஃப்சி ஸ்கேன்நவ்வையும் ஓட்டலாம். இன்னொன்று: இப்போதைய விண்டோஸில் ஷட்டவுன் கொடுத்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் காரணமாக விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலின் நிலை அப்படியே சேமிக்கப்பட்டு மறுநாள் திரும்ப வருகிறது. தடுமாறும் டிரைவரும் அதோடு வருகிறது. முழுதாகப் புதிதாக எழ வேண்டுமானால் ரீஸ்டார்ட் கொடுக்க வேண்டும்.

பல கடைகளில் ஃபார்மட்டோடு சேர்த்து உரிமம் இல்லாத விண்டோஸை ஏற்றி, உரிமம் இருப்பதுபோல் காட்டும் ஆக்டிவேட்டர் ஓட்டி, அப்டேட்டையும் அடைத்துக் கொடுக்கிறார்கள். அடுத்த பழுதுக்கு அங்கேயே விதை போட்டாகிவிட்டது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்திருக்கும் நிலையில், பழைய கம்ப்யூட்டர்களில் தகுதிச் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11-ஐத் திணிக்கும் வேலையும் தொடங்கிவிட்டது. அந்த வன்பொருளுக்குப் பொருந்தும் டிரைவர் வராமல் நீலத்திரை வந்தால் யாரைக் கேட்பது? உரிமத்துக்குச் செலவழிக்க முடியாதவர்கள் உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவற்றை யோசிக்கலாம். தமிழ் தட்டச்சு அவற்றில் நன்றாகவே நடக்கிறது.

கம்ப்யூட்டர் பழுது நீக்கும் என் சக தொழில்காரர்களிடம் என் வேண்டுகோள் இது. ரசீதில் "சர்வீஸ் சார்ஜ்" என்று ஒரு வரியோடு நிறுத்தாமல், என்ன பழுது, எந்தச் சோதனையில் தெரிந்தது, எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்று எழுதிக் கொடுங்கள். கழற்றிய பாகத்தை வாடிக்கையாளரிடமே திருப்பிக் கொடுங்கள். ஒரே நேரத்தில் ரேம், எஸ்எம்பிஎஸ், டிஸ்க் மூன்றையும் மாற்றினால் எது கெட்டிருந்தது என்று உங்களுக்கே தெரியாது. ஒன்றை மாற்றி, ஓடவிட்டு, பிறகு அடுத்ததைத் தொடுங்கள். ஒரு மணி நேரத்தில் ஃபார்மட் முடிந்துவிடும், ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓட்டினால் காசு கட்டாது என்பது புரிகிறது. சோதனைக்கென்று தனியாகக் கட்டணம் கேளுங்கள். காரணத்தைக் காட்டினால் மக்கள் கொடுப்பார்கள்.

பள்ளிகளும் இ-சேவை மையம் நடத்துவோரும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போடும்போது, வருடத்துக்கு இரண்டு முறை தூசி எடுப்பது, எர்த் அளப்பது, யுபிஎஸ் பேட்டரியை லோடு போட்டுப் பார்ப்பது ஆகிய மூன்றையும் எழுத்தில் சேர்க்கச் சொல்ல வேண்டும். பயன்படுத்துவோர் ஒரு காகிதத்தைக் கேபினெட்டின் பக்கவாட்டில் ஒட்டி, நிற்கும்போதெல்லாம் தேதி, மணி, அப்போது என்ன வேலை நடந்தது, திரையில் என்ன பெயர் வந்தது என்று எழுதிவந்தால் பத்தே வரியில் ஒழுங்கு தெரிந்துவிடும். பிற்பகல் இரண்டு மணிக்கு மட்டும் நிற்கிறதா, பிரிண்ட் கொடுக்கும்போதா, பக்கத்து மில்லில் மோட்டார் போடும்போதா என்று அந்தக் காகிதமே சொல்லும். கடைக்குப் போகும்போது கம்ப்யூட்டரோடு அதையும் எடுத்துச் செல்லுங்கள்.

இப்படிக்கு,
கணினி வன்பொருள் பழுது நீக்குநர்,
தஞ்சாவூர்.